பெயரும் பேறும்

சிவமயம்

(காமயகவுண்டன்பட்டித் திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



கலசநீர் விமானத்தின்மீது சொரியப்பெறுதற்கு முன்னர் வேள்விச்சாலையில் நிகழும் முதற்செயல் சங்கற்பம் ஆகும். அதன்கண் நாட்டின் பெயர் கூறப்படும். ஊரின் பெயர் கூறப்படும். பணிபுரிந்தோர் பெயரும் அவர்தம் பிறந்த மீனும் கூறப்படும். பெயர் கூறாமல் வழிபாடு தொடங்குவதில்லை. தேங்காய்ப் பழத்தட்டுடன் சந்நிதியில் நிற்பவரை நோக்கிச் சிவாசாரியார் வினவுவதும் பெயரையும் நட்சத்திரத்தையுமே அன்றோ? அவர்க்கு நிலம் எத்துணை, பதவி யாது என்று எவரும் அங்கே வினவுவதில்லை. இறைவன் திருமுன் ஓர் உயிர் எடுத்துச் செல்லும் அடையாளம் பெயர் ஒன்றே. ஆதலின், குழந்தைக்குப் பெயரிடுதல் என்னும் செயலைச் சிறிது ஆராய்தல் இவ்விழாவிற்குப் பொருத்தம் உடையதேயாம்.

பெயருக்கு ஒரு வியத்தகு தன்மை உண்டு. அஃது ஒருவர்க்கு உரியது. ஆயினும் அதனைப் பயன்படுத்துவோர் பிறர். தன் பெயரைத் தானே கூவி அழைத்துக்கொள்வார் உலகில் இலர். எனவே, குழந்தைக்குப் பெயரிடும் தாயும் தந்தையும் செய்வது யாதெனின், ஊரார் வாயில் ஒரு சொல்லை வைத்தலே. அச்சொல்லை அக்குழந்தை நாள்தோறும் பலகால் கேட்கும், பள்ளியிலும் வயலிலும் கேட்கும், முதுமையிலும் கேட்கும். எதனைக் கேட்குமாறு அதனை விடுகின்றோம் என்பதே பெற்றோர் எண்ணுதற்குரியது. பெயரின் ஓசை இனிதா என்பது அதற்கு அடுத்த வினா.

இவ்வூரையே முதற்கண் நோக்குக. காமயகவுண்டன்பட்டி என்னும் பெயருள் ஒரு மனிதர் இருக்கின்றார். காமயன் என்பதன் ஈற்றில் நிற்பது கன்னடத்தும் தெலுங்கிலும் மதிப்புக் குறித்து வரும் ‘ஐய’ என்னும் சொல். கன்னடம் பேசும் குடியினர் இப்பள்ளத்தாக்கில் குடியேறி வேளாண்மை செய்த வரலாற்றை அவ்வீறு இன்றும் காட்டி நிற்கின்றது. சூழவுள்ள நாராயணத்தேவன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி ஆகியனவும் ஆட்பெயரால் அமைந்த ஊர்களே. சிறிது வடக்கே சென்றால் சின்னமனூர். அதன் பழம்பெயர் அரிகேசரிநல்லூர். அது பாண்டிய மன்னன் பெயரால் வந்தது. பெயர் பூண்டவர் மறைந்து, அவர்தம் முகமும் மறந்துபோய், பெயர் மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் காட்சி இது. ‘பெயரில் என்ன இருக்கின்றது’ என்று கூறுவார் ஒருமுறை கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை பேருந்தில் சென்று ஊர்ப்பலகைகளைப் படித்துப் பார்ப்பாராக.

தமிழர் பெயரிட்ட முறைகளுள் மிகப் பழையது முன்னோர் பெயரை இடுதல். மகனுக்கு மகனைப் ‘பெயரன்’ என்றும், மகளைப் ‘பெயர்த்தி’ என்றும் வழங்கினர். பாட்டன் பெயரை உடையவன் பெயரன். அச்சொல்லே பேச்சு வழக்கில் பேரன் எனவும் பேத்தி எனவும் மருவிற்று. உறவுமுறைச் சொல்லிலேயே பெயரிடும் வழக்கத்தைப் பொதிந்து வைத்த மொழி தமிழ். கிரேக்கரிடத்தும் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் உண்டு. யூதருள் ஐரோப்பாவின் வடபாலார் இறந்த முன்னோர் பெயரை மட்டுமே இடுவர். இருப்பவர் பெயரை இடுதல் ஆகாது என்பர். ஸ்பெயின் வழிவந்த யூதரோ பாட்டன் இருக்கும்போதே அவர் பெயரைப் பெயரனுக்கு இட்டு மகிழ்வர். ஒரே வேதத்தைப் போற்றும் மக்களிடையே இவ்வேறுபாடு!

தமிழ்நாட்டில் இவ்வழக்கத்தால் ஓர் இடர்ப்பாடும் விளைந்தது. மாமனார் பெயரை மருமகள் சொல்லலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. மகனுக்கோ மாமனார் பெயர். பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க இயலாத தாய் ‘பெரியவனே’ என்றும் ‘ராசா’ என்றும் அழைத்தாள். ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்னும் வழக்கம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தாய்மாரின் பணிவைப் போற்றலாம். அக்கட்டுப்பாடு தளர்ந்ததற்கு வருந்த வேண்டுவதில்லை.

முன்னோர் பெயருக்கு அடுத்து நிற்பது இறைவன் பெயர். பெயரும் வடிவும் கடந்த பெருமானுக்கு அடியார் அன்பினால் எண்ணிறந்த பெயர்களைச் சூட்டினர். அப்பெயர்களை மீண்டும் தம் மக்களுக்குச் சூட்டினர். இப்பள்ளத்தாக்கில் எந்தத் திருக்கோயிலின் நன்கொடைப் பட்டியலை எடுத்தாலும் சுருளி என்னும் பெயரைக் காணலாம். சுருளிவேல், சுருளியாண்டி, சுருளியப்பன், சுருளியம்மாள் என அஃது ஆணுக்கும் பெண்ணுக்கும் அமைந்து வரும். சுருளி வேலப்பர் எழுந்தருளிய மலையும் அருவியும் உள்ள நாட்டில் அன்றி வேறெங்கும் இப்பெயர் இத்துணைச் செழிப்பாக வழங்குமாறு இல்லை. அவ்வாறே முல்லையாற்றங்கரையில் வீரபாண்டியில் அமர்ந்த கௌமாரியம்மையின் பெயர். குமரனின் ஆற்றலாகிய கௌமாரி எழுவர் அன்னையருள் ஒருத்தி. உத்தமபாளையத்துக் காளத்தீசுவரர் திருக்கோயிலில் அம்மையின் பெயர் ஞானாம்பிகை. இப்பெயர்களைக் கேட்ட அளவில் ‘இவர் கம்பம் பள்ளத்தாக்கினர்’ என்று மதுரைக் கடைவீதியிலும் சென்னையிலும் கண்டுகொள்ளலாம். இத்தகைய பெயர் ஒருவனது ஊரை அவனுடன் அனுப்பிவைக்கும்.

சைவ உலகிற்கு இதனினும் சிறந்த ஒரு சான்று உண்டு. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் நெடுநாள் மகப்பேறு இன்றி வருந்தினார். ஆசிரியர் சகலாகம பண்டிதரின் சொற்படி திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தபோது ஞானசம்பந்தப் பெருமானின் திருவெண்காட்டுப் பதிகம் புலப்பட்டது. மனைவியாருடன் திருவெண்காடு சென்று முக்குள நீராடி வழிபட்டார். பிறந்த மகவிற்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டனர். சுவேதவனம் என்பது வெண்காடு. கொடுத்தவனின் பெயரே கொடையின் பெயராயிற்று. பின்னர் அக்குழந்தையே பரஞ்சோதி முனிவரால் மெய்கண்டார் என்னும் பெயர் பெற்றுச் சிவஞானபோதத்தை உலகிற்கு அளித்தது. முதற்பெயரை ஈன்றோர் இட்டனர். பிற்பெயரை ஞானாசிரியர் இட்டார். மடங்களில் தீக்கைப் பெயர் சூட்டும் மரபு இன்றும் இக்கருத்துப் பற்றியதே.

‘இக்குழந்தை எம்முடையது அன்று, இறைவன் தந்தது’ என்று பெயராலேயே ஒப்புக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரந்துள்ளது. வடமொழியில் தேவதத்தன் என்பது ‘தேவனால் தரப்பட்டவன்’ எனப் பொருள்படும். அப்பெயர் மிகப் பெருவழக்காய் இருந்தமையால், இலக்கண நூலாரும் தருக்க நூலாரும் ‘தேவதத்தன் உண்டான், தேவதத்தன் போனான்’ என யாரேனும் ஒருவனைக் குறிக்க அதனையே எடுத்தாண்டனர். கிரேக்கர் தியோடோர் என்பர். கடவுளின் கொடை என்பது பொருள். ருசியரும் போலந்தியரும் உள்ளிட்ட இசுலாவிய மக்கள் போக்தான் என்பர். கடவுள் தந்தவன் என்பதே அதற்கும் பொருள். பாரசீகர் குதாதாத் என்பர், பொருள் அதுவே. எபிரேயத்தில் நத்தானியேல், அதுவும் அஃதே. இவர்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார் என்று கொள்ள வேண்டுவதில்லை. தொட்டிலை நோக்கி நிற்கும் தாய் தந்தையர்க்கு எந்நாட்டிலும் தோன்றும் எண்ணம் ஒன்றாக இருத்தலின், சொல்லும் ஒன்றாயிற்று.

அண்டை வீட்டாரின் பெயரையும் பொருள் அறிந்து அழைத்தல் நன்று. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இசுலாமிய அன்பர் பலர் வாழ்கின்றனர். அப்துல்லா என்பது ‘அல்லாவின் அடியான்’. அப்துர் ரகுமான் என்பது ‘அருளாளனின் அடியான்’. சிவதாசன், சிவனடியான் என்று சைவர் இடுவதற்கும் இதற்கும் நெறி ஒன்றே. உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரி ஹாஜி கருத்த ராவுத்தர் பெயர் தாங்கியது. அப்பெயருள் ஹாஜி என்பது அரபுச் சொல். கருத்த என்பது செந்தமிழ். இராவுத்தர் என்பது குதிரை வீரர். இராவுத்தன் என்னும் இச்சொல்லால் அருணகிரிநாதர் மயிலேறும் பெருமானை விளித்துள்ளமையும், மணிவாசகர்க்காகச் சொக்கநாதப் பெருமானே குதிரைச் சேவகனாய் மதுரைக்கு எழுந்தருளியமையும் சைவர் நினைவிற் கொள்ளத்தக்கன.

கிறித்தவ அன்பர் பெயர்களுள் தமிழ் வேடம் பூண்டவை பல. இலத்தீன் மொழியில் பவுலுஸ் என்பது சிறியவன் எனப் பொருள்படுதலின், பவுல் அடியாரைச் சின்னப்பர் என்று தமிழாக்கினர். யோவான் என்னும் எபிரேயப் பெயர் ‘இறைவன் அருள்கூர்ந்தான்’ என்னும் பொருளது. ஆகவே அருளப்பர் என்றனர். சவேரியார் என்னும் பெயர் அங்ஙனம் பொருள்பெயர்ப்பு ஆகவில்லை. ஓசை மட்டுமே தமிழாயிற்று. அஃது ஆதியில் நாவாரா நாட்டு ஓர் ஊரின் பெயர். அந்நாட்டுப் பாசுக்கு மொழியில் ‘புதுவீடு’ என்பது அதன் பொருள். சவேரிமுத்து என்று மகனை அழைக்கும் உழவர், எங்கோ ஒரு மலைநாட்டுப் புதுவீட்டை அழைக்கின்றார்!

இனி, இப்பள்ளத்தாக்கிற்கே உரிய ஒரு வியப்புக்கு வருவோம். தேனி மாவட்டத்தில் உழவர் குடும்பங்கள் சில தம் ஆண்மக்களுக்குப் பென்னிகுயிக் என்று பெயரிட்டுள்ளன. அயலூரார் இதனைக் கேட்டு நகைப்பர். வாயில் நுழையாத வெள்ளையர் பெயர் வேளாளன் மகனுக்கு எதற்கு என்பர். அவர்கள் இந்நாட்டின் நீர் வரலாற்றை அறியாதார்.

மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்றை மலைமேல் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது அப்பணி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் அதன் தேவையை உணர்த்திற்று. 1886இல் திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் வேலை தொடங்கிற்று. காட்டு விலங்கும், மலைக்காய்ச்சலும், வெள்ளமும் தொழிலாளர் பலரைக் கொண்டன. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த காரையால் எழுந்த அவ்வணை 1895 அக்டோபர் 10ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப் பெற்றது. பணியை முன்னின்று நடத்திய பொறியாளர் ஜான் பென்னிகுயிக். அவர் 1841இல் புனே நகரில் பிறந்து 1911இல் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் தம் உடைமைகளை விற்று அணை கட்டினார் என்று வழங்கும் கதையைத் துணைக்கு அழைக்க வேண்டுவதில்லை. அரசின் ஊழியராக அவர் செய்துமுடித்த பணியே போதும். கூடலூரிலிருந்து இருபோக நெல் விளையும் வயல்கள் அதற்குச் சான்று. பாலார்பட்டி மக்கள் அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் அவர்க்குப் பொங்கல் இடுகின்றனர். 2013இல் லோயர் கேம்பில் அவர்க்கு மணிமண்டபமும் அமைந்தது.

அவர் பெயரின் பொருள்தான் யாது? ஸ்காத்லாந்து நாட்டில் எடின்பரோ நகரின் அருகே பெனிகுயிக் என்று ஓர் ஊர் உளது. குடிப்பெயர் அவ்வூரால் வந்தது. அந்நாட்டில் ஆங்கிலம் பரவுதற்கு முன்னர் வழங்கிய பழம் பிரித்தானிய மொழியில், ‘பென்’ என்பது தலை அல்லது குன்று. ‘கோக்’ என்பது குயில் இனத்துப் பறவை. குயிற்குன்று என்பது பொருள்! அப்பறவைக்கு அதன் கூவலையே பெயராக இடுதல் பல மொழிக்கும் இயல்பு ஆதலின், தமிழ்க் குயிலும் பிரித்தானியக் கோக்கும் ஓசையால் அணித்தாயின. அவரது முதற்பெயராகிய ஜான் என்பது முன்னர்க் கூறிய யோவான் என்பதன் திரிபே. எனவே அருளப்பர் குயிற்குன்றனார் என்று அவரைத் தமிழில் அழைக்கலாம். குயில் கூவும் மலையடிவாரத்துச் சிறுவனுக்கு இப்பெயர் எவ்வாற்றானும் அயற்பெயர் அன்று.

அற்றேல், கண்ணாற் காணாத ஒருவர் பெயரை, வேற்றினத்தார் ஒருவர் பெயரை, மகனுக்கு இடுதல் சைவ மரபிற்கு ஏற்குமோ எனின், சேக்கிழார் பெருமான் விடை தருகின்றார். திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் திருநாவுக்கரசரை நேரிற் கண்டவரல்லர். அவர் பெருமையைக் கேட்டவர். அவ்வளவில் தம் மூத்த மகனுக்குத் திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். இளைய மகனுக்கும் அப்பெயரே இட்டார். வீட்டு அளவைகளுக்கும், ஆநிரைகளுக்கும் அப்பெயரே. வழிச்செல்வார் விடாய் தீர்க்கும் தண்ணீர்ப் பந்தருக்கும் அப்பெயரே எழுதிவைத்தார். அப்பந்தரின்கீழ் வந்து நின்ற முதியவர், ‘நும் பெயர் எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை?’ என்று வினவினார். அப்பூதியார் வெகுண்டார். வேறொரு பெயர் என்று அத்திருப்பெயரைக் கூறியவர் யார் என்று சினந்து கேட்டார். வினவியவரே நாவுக்கரசர் என்று அறிந்த பின்னரன்றோ அவர் அடியற்ற மரமென வீழ்ந்தார்!

அப்பூதியார் அந்தணர்; நாவுக்கரசர் வேளாளர். பெயரிடுங்கால் அப்பூதியார் குலம் பார்த்திலர். தண்ணீர்ப் பந்தரில் எழுதப்பெற்ற ஒரு பெயரும், தண்ணீர் தந்தவர்க்காக வைத்த ஒரு பெயரும் ஓரினத்தன என்று கூறின் அடியார் பெருமைக்கு இழுக்கு வாராது. நாவுக்கரசர் பெருந்தகையை ஒரு பொறியாளரோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ளற்க. ஒப்பிடப்படுவது பெயரிட்டோர் உள்ளமே. திங்களூர் அப்பூதியாரிடத்து நிகழ்ந்த நன்றியறிவின் ஒரு துளி, முல்லையாற்றுப் பாசன உழவரிடத்தும் நிகழ்ந்தது என்பதே கருத்து.

இவ்வூரார் பலர் நாட்டு விடுதலைக்குச் சிறை சென்றோர். காந்தியடிகளுக்குக் கோயில் எடுத்த ஊர் இது. ஆதலின் காந்தி, சவகர், போஸ் என்னும் பெயர்கள் இங்கே வியப்பல்ல. காந்தி என்பது நறுமணப் பொருளும் பலசரக்கும் விற்கும் வணிகரைக் குறித்த கூர்ச்சரக் குடிப்பெயர். சவகர் என்பது அரபு மொழியில் மணிகள் எனப் பொருள்படும். போஸ் என்பது வசு என்னும் வடசொல்லின் வங்கத் திரிபு. அடிகளின் இயற்பெயரோ மோகனதாசர். கண்ணனின் அடியார் என்பது பொருள். இங்கும் அடிமைப் பெயரே தலைமைப் பெயராயிற்று.

இக்காலத்தே எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பெயரிடுவார் பெருகினர். ஷகரமும் ஹகரமும் இல்லையேல் நாகரிகம் இல்லை என்பாரும் உளர். பொருள் வினவினால் பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவர். பிறமொழிப் பெயர் குற்றமன்று. இதுகாறும் கூறியவற்றால் அது விளங்கும். பொருளற்ற ஒலியைக் குழந்தைக்குச் சூட்டி, ‘உன் பெயர் யாது பொருள்படும்’ என்று அது கேட்கும் நாளில் விடையின்றி நிற்றலே குறை. இதனை இவ்வளவில் விடுவோம்.

பெயரில் மற்றொரு கொடுமையும் இருந்தது. ஒரே தெய்வத்தின் பெயர். செல்வர் வீட்டில் அது கருப்பசாமி. உழைப்பவர் குடிசையில் அது கருப்பன். சாமி என்னும் ஈற்றைச் சேர்த்துக்கொள்ளவும் சிலர்க்கு ஊர் இடம் தந்ததில்லை. முதியவரை இளஞ்சிறுவன் ஒருமையில் பெயர் சொல்லி அழைத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. சேக்கிழார் பெருமான் இதற்கு உடன்பட்டவரல்லர். குயவராகிய திருநீலகண்டர்க்கும், வண்ணாராகிய திருக்குறிப்புத் தொண்டர்க்கும், புலைப்பாடியிற் பிறந்த திருநாளைப்போவார்க்கும், முடிமன்னர்க்கும் ஒருபடித்தாகவே ஆர் விகுதி தந்து போற்றினார். ‘நாளைப் போவேன்’ என்று தில்லையை நினைந்து ஏங்கிய ஏக்கமே ஒருவர்க்குத் திருப்பெயராகி, ஆர் விகுதியும் பெற்றுக் கோயில்தோறும் கல்லில் நிற்கின்றது. நன்கொடைப் பட்டியல் அச்சிடுவோர் திருத்தொண்டர் புராணத்தை முன்வைத்துக்கொண்டு அச்சிடுவாராக. நூறு உரூபாய் தந்தவர்க்குத் ‘திரு’ இன்றியும், நூறாயிரம் தந்தவர்க்குத் ‘திருவாளர்’ என்றும் எழுதுதல் அடியார் நெறி அன்று.

இகழ்ச்சி போலத் தோன்றினும் அன்பினால் இட்ட பெயர்களும் உள. முன்பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்துபடின், பின்பிறந்ததைக் குப்பையிற் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றனர். பிச்சையாகப் பெற்றதாக எண்ணிப் பிச்சை, பிச்சையம்மாள் என்றனர். ‘இஃது ஒரு பொருளன்று, கூற்றுவனே, இதனை நோக்காதே’ என்று அஞ்சிய தாயின் சூழ்ச்சி அது. அதனை நகையாடுதல் ஆகாது. குப்பம்மாள் என்னும் பெயரைப் போல உயிரோடு காக்க விரும்பிய விருப்பம் தோய்ந்த பெயர் வேறில்லை.

ஆனால் போதும்பொண்ணு என்றொரு பெயர் உண்டே, அதனை என்னென்பது? இம்மதுரை, தேனி வட்டாரத்தில் அப்பெயர் பூண்ட தாய்மார் பலர் இருக்கின்றனர். இப்பந்தலிலும் இருத்தல் கூடும். அவர்கள் பொறுத்தருள்க, குற்றம் அவர்களுடையதன்று. திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ‘வேண்டாம்’ என்றே பெண்மகவிற்குப் பெயரிட்டனர். மராட்டிய நாட்டில் ‘நகுசா’ என்றனர். வேண்டாதவள் என்பது பொருள். சீன நாட்டில் ‘ஜாவோதி’ என்பர். தம்பியை அழைத்து வருபவள் என்பது பொருள். அஃதாவது, அவள் வந்தது அவளுக்காக அன்று என்பதாம். இப்பெயர்களில் கூற்றுவனை ஏமாற்றும் அன்பு இல்லை. அடுத்து ஆண் பிறத்தல் வேண்டும் என்பதற்காக முன்பிறந்தவளின் நெற்றியில் எழுதிய மறுப்பு இது. தோழியர் விளையாட அழைக்கும்போதும் அவள் கேட்பது ‘போதும்’. ஆசிரியர் வருகை எடுக்கும்போதும் ‘போதும்’. சந்நிதியில் சிவாசாரியார் அம்மையின் திருமுன் அவள் பெயரைச் சொல்லும்போதும் ‘பெண் போதும்’ என்றே சொல்ல வேண்டியுளது. யார் திருமுன்? மலையரசன் மகளாய் வந்தவள் திருமுன்!

பாண்டி நாட்டார் மறக்கலாகாத வரலாறு ஒன்று. மலயத்துவச பாண்டியன் ஆண்மகவு வேண்டி வேள்வி செய்தான். வேள்வித் தீயினின்றும் மூன்று வயதுப் பெண்மகவு வெளிப்பட்டது; அதற்கும் மூன்று தனங்கள். அரசன் வருந்தினான் என்றே பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துட் கூறுகின்றார். அவன் வருத்தத்தை அவர் மறைத்திலர். அப்போது வானிடை எழுந்த திருவாக்கு, இவளை மைந்தனைப் போலவே வளர்த்து, தடாதகை என்று பெயரிட்டு, முடிசூட்டுக என்றது. அவன் அவ்வாறே செய்தான். கலைகளும் படைக்கலப் பயிற்சியும் கற்பித்தான். அவள் மதுரையை ஆண்டாள், திசைகளை வென்றாள், கயிலையில் சொக்கனைக் கண்டாள். ஆண் வேண்டி நின்றவனுக்குப் பெண் பிறந்த வீட்டில் என்ன பெயர் இடுதல் வேண்டும் என்று வானமே கூறிய நாடு இப்பாண்டி நாடு. இங்கே போதும்பொண்ணு என்னும் பெயர் எவ்வாறு தோன்றிற்று!

காரைக்காலில் தனதத்தன் மகளாய்ப் பிறந்து புனிதவதியார் எனப் பெயர் பெற்ற அம்மையாரைக் கயிலையில் இறைவன் அழைத்த சொல் ‘அம்மையே’ என்பது. தாயிலியாகிய பெருமான் தாயென்று அழைத்தது ஒரு பெண்ணை.

இட்ட பெயரை மாற்றலாகுமோ என்று சிலர் ஐயுறுவர். மாற்றுதல் சைவத்திற்குப் புதிதன்று. மருணீக்கியார் என்று பெற்றோர் இட்டனர். சமண் சார்ந்தபோது தருமசேனர் ஆயினார். திருவதிகைப் பெருமான் நாவுக்கரசர் ஆக்கினார். ஆளுடைய பிள்ளையார் அப்பர் என்றார். கூன்பாண்டியன் என்று ஊர் அழைத்த மன்னன் திருநீற்றால் வெப்பும் கூனும் நீங்கப்பெற்று நின்றசீர் நெடுமாறன் ஆனான். அவனையே ஆராய்ச்சியாளர் அரிகேசரி என்று துணிவர். முன்னர்க் கூறிய அரிகேசரிநல்லூர்ப் பெயரை நினைக. உடற்கூன் நிமிர்ந்தவுடன் பழம்பெயரும் நிமிர்ந்தது. அவனுக்கு அத்திருவருள் வாய்க்கக் காரணமானவர் மங்கையர்க்கரசியார் என்பதை இங்கே தாய்மார் நினைவிற் கொள்க.

மராட்டிய நாட்டுச் சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் ஒரு விழா நிகழ்ந்தது. நகுசா என்னும் பெயர் பூண்ட பெண்கள் 285 பேர் ஒரே நாளில் அப்பெயரைக் களைந்து, தாம் விரும்பிய பெயரைத் தாமே சூடிக்கொண்டனர். அரசு அவர்க்குச் சான்றிதழ் வழங்கிற்று. ஒரு மாவட்டம் செய்ததை ஒரு கோயிலும் செய்தல் கூடும்.

இதற்கு வேண்டுவன சிலவே. குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தல் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றியமையாதது. பெயரைப் பின்னர்ச் சேர்க்கலாம். 12 திங்களுக்குள் கட்டணம் இன்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் சேர்த்துக்கொள்ளலாம். ஆதலின் மருத்துவமனை வாயிலிலேயே விரைந்து ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டியதில்லை. பாட்டியரையும் அத்தையரையும் கலந்து, கோயிலுக்கு வந்து, பொருள் அறிந்து இடலாம். வளர்ந்த பெண்கள் பெயர் மாற்றம் வேண்டின் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம். படிவமும் கட்டணமும் சிலர்க்கு மலையெனத் தோன்றும். உபயதாரர்கள் அன்னதானத்திற்கு ஒதுக்கும் பொருளில் ஒரு சிறுபகுதியை இதற்கு ஒதுக்குவாராக. மண்டலாபிடேக நாட்கள் 48 உள. அவற்றுள் ஒரு வெள்ளிக்கிழமையில், பெயர் மாற்ற விரும்பும் பெண்களை அம்மை சந்நிதிக்கு அழைத்து, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, அவரவர் விரும்பிய பெயரை அவரவர் விரலாலேயே எழுதச்செய்து, சிவாசாரியார் அப்பெயரால் முதல் அருச்சனை செய்வாராக. விரும்பாதாரை வற்புறுத்தல் ஆகாது. பழகிய பெயரை விட மனமில்லாத முதிய தாய்மாரும் இருப்பர். அவர்கள் பெயர்த்தியரை அழைத்து வருவாராக.

திருச்சிற்றம்பலம்